கரண்ட் போவதற்குள் ஒரு மேட்ச்: டபிள்யூடபிள்யூஇ 2கே23

வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறவர்கள் "முப்பது மணி நேரக் கதை", "ஐம்பது மணி நேரக் கதை" என்று பெருமையாகக் குறிப்பிடுவார்கள். எனக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. அந்த முப்பது மணி நேரத்தை எத்தனை துண்டாக வெட்டலாம், வெட்டிய இடத்தில் விட்டுவிட்டு நான்கு நாள் கழித்து வந்தால் கதை புரியுமா, இவைதான் என் கேள்விகள். டபிள்யூடபிள்யூஇ 2கே23 என்ற மல்யுத்த கேமை இந்தக் கேள்விகளோடுதான் வாங்கினேன். கிடைத்த பதில் சரிபாதி. இதிலுள்ள மைரைஸ் என்ற கதைப் பகுதி, வேலைக்குப் போய் வருகிறவர்களின் நாளை அறிந்தவர்கள் செய்தது போல் இருக்கிறது. ஷோகேஸ் என்ற இன்னொரு கதைப் பகுதி, வேறு வேலையே இல்லாதவர்களுக்காகச் செய்தது.

என் நேரம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும். சென்னை மண்ணடியில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் இறக்குமதி ஆவணங்களைப் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, சுங்கத்துறையிடம் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது எங்கள் கையில் இல்லை. ஆவணத்தில் ஓர் எண் பிசகினாலும் கன்டெய்னர் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறும், இறக்குமதியாளரின் குரலும் ஏறும். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவள் எட்டு மணிக்குத்தான் மண்ணடி மெட்ரோ நிலையத்துப் படிகளில் இறங்குகிறேன் என்றால், அது எங்கள் தொழிலில் சாதாரண நாள்.

வீடு காலடிப்பேட்டையில். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். அதற்கு முன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு எத்தனை மாலைகள் போயினவோ தெரியாது. அந்த நேரம் மிச்சமானதால்தான் எனக்கு வீடியோ கேம் என்ற பேச்சே வந்தது. தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் பிளேஸ்டேஷன் 4 கேம் சாதனத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். "சும்மா கிடந்தால் கெட்டுப்போகும், நீ ஆடு அக்கா" என்றான். டிஸ்கைப் பர்மா பஜாரில் பழையதாக வாங்கினேன்.

மிச்சமான நேரம் எல்லாம் என்னுடையது என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் டிவி ஒன்றுதான். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்து வரை அது அத்தையுடையது, அதாவது என் மாமியாருடையது. சீரியல் நேரத்தில் அந்தக் கூடத்தில் ரிமோட்டைத் தொடுகிற துணிச்சல் என் கணவருக்கே கிடையாது. அவருக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூங்குவார், அப்போது வீட்டில் மிக்சி ஓடுவதற்கே அனுமதி வேண்டும். மகன் மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு ஒப்பிக்காமல் படுக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம், அதைக் காப்பாற்றுவதும் என் வேலை. ஆக எனக்குக் கிடைப்பது இரவு பத்தேகாலுக்கு மேல், அல்லது விடியற்காலை மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். எதுவானாலும் முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. கோடைகாலமென்றால் அதற்குள் கரண்டும் போகாமல் இருக்க வேண்டும். எங்கள் இன்வெர்ட்டரில் இரண்டு மின்விசிறியும் இரண்டு விளக்கும் மட்டும்தான் ஓடும். டிவி ஓடாது.

மல்யுத்தம் எனக்குப் புதிதல்ல. பெட்டிக்கடையில் வாங்கிய மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகளில் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று படித்துப் படித்துத்தான் நானும் தம்பியும் எண்களின் மேல் பயம் தெளிந்தோம். பிறகு டிவியில் மல்யுத்தம் காட்டும் டென் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்தது. எங்கள் பெரியப்பா ஒருவருக்கு மட்டும் இது கடைசி வரை பிடிக்கவில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ராயபுரத்துக்காரர் அவர். "அடியே விழவில்லை, எதற்கு விழுகிறான்?" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவார். திட்டிக்கொண்டே முழு நிகழ்ச்சியையும் பார்ப்பார்.

இனி கேமுக்கு வருகிறேன். இந்த வரிசைக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு; பழைய டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு அது தேவைப்படும். 2000 முதல் இந்த விளையாட்டுகளைச் செய்துவந்தது யூக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம். 2கே19 என்ற பதிப்புக்குப் பிறகு அவர்கள் விலகிக்கொண்டார்கள். 2019 அக்டோபரில் வெளிவந்த 2கே20-ஐ விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற நிறுவனம் தனியாகச் செய்தது. அதில் வீரர்களின் முகம் கோணிக்கொண்டது, உடல் தரைக்குள் புதைந்தது, உலகமே சிரித்தது. அடுத்த ஆண்டுக்கான 2கே21-ஐ வெளியிடாமலே விட்டார்கள். நிதானமாக உட்கார்ந்து கட்டுப்பாட்டு முறையையே மாற்றி 2022 மார்ச்சில் 2கே22 வந்தது. அதன் மேல் எழுந்ததுதான் 2023 மார்ச் 17 அன்று வெளியான 2கே23. விலை மலிவாக இருக்கிறதே என்று 2கே20-ஐ எடுத்துவிடாதீர்கள்.

ஒரு முணுமுணுப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 தொடங்கி இந்த வரிசை ஆண்டு தவறாமல் மார்ச்சில் வருகிறது. நிதியாண்டு முடிகிற மார்ச், பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்குகிற மார்ச். வரவு செலவு பார்க்கும் எந்த மனிதருக்கும் அந்த மாதத்தில் மூச்சு விடவே நேரம் இருக்காது. ஒரு பதிப்பு பின்தங்கி, பழையதாக வாங்குவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லாததற்கு விலை ஒரு காரணம் என்றால், இந்த மார்ச் இன்னொரு காரணம்.

மைரைஸ் பகுதியில் இரண்டு கதைகள் உண்டு. 'தி லாக்' என்பது ஆணின் கதை. வந்து இறங்குவதற்கு முன்பே பெரிய நட்சத்திரம் என்று ஊரெல்லாம் பேசப்பட்ட ஒருவன், அந்த எதிர்பார்ப்பைத் தூக்கிச் சுமக்கிறான். 'தி லெகசி' என்பது பெண்ணின் கதை. அவளுடைய அத்தை ஒரு காலத்தில் புகழ்பெற்ற மல்யுத்த வீராங்கனை. அத்தையின் பெயரால் உள்ளே வந்தவள் என்ற பேச்சைத் தாண்டி அவள் தானாக நிற்க வேண்டும். நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

வீராங்கனையின் உருவத்தை நாமே செய்துகொள்ளலாம். நிறம், முடி, தோள் அகலம், காலணி வரை எல்லாம் நம் விருப்பம். நான் அவளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தேன். திரையில் அந்தப் பெயர் எழுத்தில் வரும். ஆனால் அறிவிப்பாளர் வாயால் கூப்பிடுவதற்கென்று பதிவு செய்து வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில் வள்ளி இல்லை. உருவத்தைச் செய்வதில் ஓர் எச்சரிக்கை. மூக்கை அரை மில்லிமீட்டர் நகர்த்துவது, புருவத்தை உயர்த்துவது என்று இதிலேயே ஒரு வாரத்து நேரத்தையும் தொலைத்துவிடலாம். ஆயத்தமாக இருக்கும் முகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, நிறத்தையும் முடியையும் மட்டும் மாற்றிவிட்டு உள்ளே போய்விடுங்கள். மேட்ச் நடக்கும்போது யாரும் மூக்கைப் பார்ப்பதில்லை.

கதை நகரும் விதம் இப்படி. மேடைக்குப் பின்னால் இருக்கும் நடைபாதைகளில் நடக்கிறோம். அங்கே நிற்கிறவர்களிடம் பேசுகிறோம். கையிலிருக்கும் ஃபோனில் செய்திகள் வருகின்றன, ரசிகர்கள் திட்டுவதும் புகழ்வதும் அதிலேயே தெரிகிறது. யாரோடு மோதுவது, யாருக்குத் துணை நிற்பது, நல்லவளாக இருப்பதா வம்புக்காரியாக இருப்பதா என்று முடிவெடுக்கிறோம். அதன்படி ஒரு மேட்ச். மேட்ச் முடிந்ததும் ஒரு கதைக்காட்சி, பிறகு மறுபடி நடைபாதை. அந்த இடத்தில் திரையின் ஓரத்தில் சிறு குறி சுழன்று, விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்கிறது. என் வேகத்துக்கு இந்த ஒரு சுற்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீராங்கனையின் நுழைவு ஊர்வலத்தை ஒரு பொத்தானை அழுத்தித் தாண்டலாம். முதலில் ஒருமுறை பார்த்து ரசித்துவிட்டு, பிறகு தாண்டிக்கொண்டே இருங்கள். முக்கால் மணி நேரம் கையில் இருந்தால் ஒரு சுற்றை நிதானமாக முடித்து, அடுத்ததில் என்ன வரப்போகிறது என்று எட்டிப்பார்த்துவிட்டுப் படுக்கலாம். வாரக்கணக்கில் தொடாமல் விட்டாலும் ஃபோனில் உள்ள பழைய செய்திகளைப் புரட்டினால் கதையின் நூல் கைக்கு வந்துவிடுகிறது. கப்பல்கள் அடுத்தடுத்து வந்த ஒரு மாதத்தில் இந்த வசதிதான் என்னைக் காப்பாற்றியது.

மேட்ச் எப்படி என்று கேட்டால், ஒரே ஓர் இடத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன். எதிராளி நம்மை மல்லாக்கத் தள்ளி மேலே விழுந்து அமுக்குகிறாள். நடுவர் தரையில் கையால் அடித்து எண்ணத் தொடங்குகிறார். மூன்று எண்ணுவதற்குள் தோளைத் தூக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பொத்தானைப் படபடவென்று அழுத்துவது. மற்றொன்று, திரையில் ஒரு பட்டை தோன்றும், அதில் ஒரு குறி ஓடும். அது குறித்த பகுதிக்குள் வரும் கணத்தில் கன்ட்ரோலரின் குச்சியைச் சட்டென்று தட்ட வேண்டும். முதல் வழியில் ஆடினால் விடியற்காலையில் பொத்தான் சத்தத்துக்கே வீடு எழுந்துவிடும். இரண்டாவது வழியில் சத்தமே இல்லை. ஆனால் அடி வாங்க வாங்க அந்தப் பகுதி ஒடுங்கிக்கொண்டே போகிறது. மேட்சின் கடைசியில் அது நகக்கண் அளவுக்கு வந்துவிடும். 'ஒன்று', 'இரண்டு' என்று நடுவரின் கை விழும்போது நான் மூச்சு விடுவதில்லை. இரண்டேமுக்காலில் தோளைத் தூக்கிவிட்டால் அரங்கமே அலறும். இயர்ஃபோனைக் கன்ட்ரோலரிலேயே செருகிக்கொள்ளலாம் என்பதால் அந்த அலறல் எனக்கு மட்டும்தான் கேட்கும்.

அடி, பலத்த அடி, பிடி என்ற மூன்றையும் கோத்துத் தாக்குவது ஒரு பக்கம். எதிராளி அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவார் என்று ஊகித்து அதையே நாமும் அழுத்தித் தடுப்பது மறுபக்கம். கைக்குப் பழக ஒரு வாரம் ஆகலாம். நேரம் குறைவாக உள்ளவர்கள் மானம் பார்க்காமல் எளிய நிலையில் வைத்து ஆடுங்கள். தோற்றுத் தோற்றுத் திரும்ப ஆடுவதற்கு நமக்கு ராத்திரி போதாது.

குறைகள் இல்லாமல் இல்லை. நிஜ வீரர்களே தங்கள் வேடத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள். மேடையில் மைக்கைப் பிடித்தால் கூரையைப் பிய்க்கிற சிலர், இங்கே ரேஷன் அட்டையைப் படிக்கிற குரலில் வசனம் பேசுகிறார்கள். வர்ணனையாளர்கள் சொன்னதையே சொல்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4-இல் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னும் பின்னும் லோடிங் திரை நெளிகிறது. அந்த நேரத்தில் நான் மறுநாளைக்கு ஊறப்போட்ட கொண்டைக்கடலையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். நடைபாதைப் பேச்சுகளில் பாதி வெறும் வளவளப்பு. கதைக்கு ஓர் அடி எடுத்துவைக்க மூன்று பேரிடம் நலம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நேரத்தைத் தின்பது மேட்ச் அல்ல, இந்த இடைவெளிகள்தான்.

ஆனால் இதே வளவளப்புதான் எனக்கு ஒரு கூட்டாளியைச் சம்பாதித்துக் கொடுத்தது. ஓரிரவு சீரியல் முடிந்தும் அத்தை எழுந்து போகாமல் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் வள்ளியும் அவளுடைய அத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரம்மா இந்த அம்மாள்?"

"அந்தப் பெண்ணுக்கு அத்தை. பெரிய சாம்பியனாக இருந்தவர்."

"பார்வையே சரியில்லையே. இவளைத் தூக்கிவிடுவாளா, கவிழ்த்துவிடுவாளா?"

எனக்கும் அப்போது தெரியாது. பதில் தெரிந்த பிறகும் இங்கே சொல்வதாக இல்லை. அன்றிலிருந்து கதைக்காட்சி வரும்போது அத்தைக்கும் சத்தம் கேட்க வேண்டும் என்பதால் இயர்ஃபோனைக் கழற்றிவிடுகிறேன். அடியில் வரும் ஆங்கில எழுத்துகளைப் படித்து நான் தமிழில் சொல்கிறேன். மேட்ச் தொடங்கினால் அவர் படுக்கப் போய்விடுவார். அடிதடியில் அவருக்கு ஆர்வமில்லை. மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது "ஜெயித்தாளா?" என்று மட்டும் கேட்பார். பத்தேகால் என்பது பத்து மணியாக நகர்ந்ததும் இதனால்தான். சீரியலின் கடைசி விளம்பர இடைவேளையிலேயே "நீ போடம்மா" என்று ரிமோட்டை நீட்டுகிறார்.

ஷோகேஸுக்கு வருகிறேன். இது ஜான் சீனா என்ற மல்யுத்த நட்சத்திரத்தின் வாழ்க்கை. அவரே திரையில் வந்து பேசுகிறார். ஆனால் நாம் சீனாவாக ஆடுவதில்லை. அவரை வீழ்த்தியவர்களாக, அவருக்குப் பெரும் எதிரிகளாக நின்றவர்களாக ஆடுகிறோம். ஒரு நட்சத்திரம் தன் தோல்விகளை வரிசைப்படுத்தித் தன் கதையைச் சொல்வது நல்ல யோசனை. 2006 ஜூனில் நியூயார்க்கின் ஹாமர்ஸ்டீன் பால்ரூமில் ராப் வான் டாமோடு நடந்த மேட்ச் இதில் உண்டு. அன்று சீனா கூட்டத்துக்குள் எறிந்த சட்டையைக் கூட்டம் திரும்பத் திரும்ப அவர் மேலேயே எறிந்தது. 2014 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் பிராக் லெஸ்னர் 16 முறை ஜெர்மன் சப்ளெக்ஸ் என்ற பிடியைப் போட்டு அவரைப் பின்னால் வீசிய மேட்சும் உண்டு. நடுநடுவே நம் ஆட்டம் அப்படியே பழைய நிஜ ஒளிப்பதிவாக மாறும். சில நொடிகள் கழித்து மறுபடி நம் கைக்கு வரும். முதல்முறை பார்க்கும்போது மெய்சிலிர்க்கிறது.

இதை ஆட ஆட எனக்கு நினைவுக்கு வந்தது கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துரியோதனன் ஜெயிப்பானா தோற்பானா என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை. பதினெட்டாம் போரின் படுகளத்தில் அவன் விழுவான் என்று மடியிலிருக்கும் குழந்தைக்கும் தெரியும். எப்படி விழப்போகிறான் என்பதற்காகத்தான் விடிய விடியக் கண் விழிக்கிறோம். முடிவை முன்பே எழுதிவைத்து ஆடும் இந்த மல்யுத்தமும் அதுவே, பெரியப்பாவுக்கு நான் சொல்லிப் புரியவைக்க முடியாமல் போனதும் அதுவே. ஷோகேஸில் நாம் பார்வையாளர் இல்லை, வேடம் கட்டியவர். "இந்த மூலைக்கு இழுத்துப் போ, இந்தப் பிடியைப் போடு, கயிற்றில் ஏறு" என்று திரையின் ஓரத்தில் கட்டளைகள் வந்துகொண்டே இருக்கும். எதிராளியை எப்போதோ வீழ்த்தியிருக்கலாம். ஆனாலும் கட்டளைகள் தீரும் வரை அவரை எழுப்பி எழுப்பி அடிக்க வேண்டும். மைரைஸில் சண்டை என்னுடையது. இங்கே நான் ஒத்திகை பார்க்கிறேன். இது எனக்குப் பிடிக்கவே செய்தது. பிடித்ததற்கும் நேரம் இருப்பதற்கும்தான் சம்பந்தமில்லை.

ஏனென்றால் இந்த மேட்சுகள் நீளமானவை, நடுவில் சேமிக்கும் இடம் கிடையாது. லெஸ்னராக நின்று சீனாவைக் கதறவிட்டுக்கொண்டிருந்த ஒரு மே மாதத்து இரவில், கட்டளைகள் கடைசியை நெருங்கும் நேரத்தில் கரண்ட் போனது. தெரு முழுக்க ஒரே குரலில் ஓர் 'ஐயோ'. மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிவி மட்டும் கறுப்பு. இந்தச் சாதனத்தில் ஓய்வு நிலை என்று ஒன்று உண்டு. ஆட்டத்தை விட்ட இடத்தில் உறையவைத்துவிட்டு மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். ஆனால் அதற்கும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் திரும்பி வந்ததும், சாதனத்தை முறைப்படி அணைக்கவில்லை என்று பிளேஸ்டேஷன் நம்மிடமே குறை சொல்லும். சேமிப்பகத்தைச் சோதிக்கிறேன் என்று ஒரு பட்டையை மெல்ல நகர்த்தும். அதன் பிறகு மேட்ச் முதலிலிருந்து தொடங்கும். அந்த இரவோடு ஷோகேஸை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். காசிமேட்டிலிருந்து மீன் வந்து, கழுவி, குழம்பு கொதித்து, எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிற்பகலில் மட்டும்தான் சீனாவை அடிக்கிறேன். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு இதைவிட நல்ல தீனி இல்லை. நாளில் முக்கால் மணி நேரம் மட்டுமே உள்ளவர்கள் ஷோகேஸை நம்பி இந்த டிஸ்கை வாங்க வேண்டாம்.

மிகவும் அலுத்துப்போன நாட்களுக்கு மைஜிஎம் என்றொரு பகுதி இருக்கிறது. நாம் நிகழ்ச்சியின் மேலாளர். ஆட்களை ஏலம்போல் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்து, யார் யாரோடு மோதுவது என்று வாராவாரம் அட்டவணை போட வேண்டும். மேட்சை நாம் ஆட வேண்டியதில்லை, முடிவை விளையாட்டே கணக்கிட்டுச் சொல்லிவிடும். கால் மணி நேரத்தில் ஒரு வாரத்து நிகழ்ச்சி முடிந்துவிடும். நாள் முழுக்க கன்டெய்னர் எண்களோடு மல்லுக்கட்டியவளுக்கு இரவிலும் வரவு செலவா என்று கணவர் சிரிக்கிறார். இந்தக் கணக்கில் பிசகினால் யாரும் ஃபோனில் கத்துவதில்லை என்று அவரிடம் சொன்னேன்.

மகனைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கத் தரவரிசையில் இது பதின்வயதினருக்கு உரியது. நாற்காலியால் அடிப்பார்கள், மேஜையை உடைப்பார்கள். எட்டு வயதுப் பையன் பார்த்தால் மறுநாள் தலையணை மேல் பாய்வதோடு நிற்காது. அவன் தூங்கிய பிறகுதான் டிஸ்க் உள்ளே போகிறது. எனக்கு இது நேரக் கட்டுப்பாடுகளில் இன்னொன்று. பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லோருக்கும் இருக்க வேண்டியது.

புதிய பதிப்புகளையும் பார்க்கலாம் என்கிறவர்களுக்கு: 2024 மார்ச்சில் வந்த 2கே24-இன் ஷோகேஸ், ரெஸில்மேனியா என்ற பெரிய ஆண்டு நிகழ்ச்சியின் 40 ஆண்டுகளைச் சொல்கிறது. அதன் மைரைஸில் ஆணின் கதை, சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸ் தன் பட்டத்தை விட்டுவிட்டு ஹாலிவுட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கற்பனையில் தொடங்குகிறது. 2025 மார்ச்சில் வந்த 2கே25-இன் ஷோகேஸை, வீரர்களுக்காக மேடையில் பேசும் பால் ஹேமன் நடத்துகிறார். ரோமன் ரெய்ன்ஸின் பிளட்லைன் குடும்பத்தின் கதை அது. அதில் பழைய மேட்சுகளை நடந்தபடியே ஆடுவதோடு, சிலவற்றின் முடிவை மாற்றி எழுதவும் விடுகிறார்கள். துரியோதனனைப் பிழைக்கவைக்க வேண்டும் என்கிறவர்கள் அங்கே போகலாம். அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்த 'தி ஐலண்ட்' என்ற பகுதி மட்டும் பிளேஸ்டேஷன் 4-இல் கிடையாது, ஐந்தில்தான் உண்டு. பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் அதன் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

2கே23-ஐப் பழையதாக வாங்குகிறவர்கள், டிஸ்கின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்து வாங்குங்கள். உறைக்குள் கூடுதல் வீரர்களுக்கான குறியீட்டுத் தாள் இருந்தால், அதை முதலில் வாங்கியவர் பயன்படுத்தி முடித்திருப்பார். அதற்காக விற்பவர் கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள், மைரைஸ் கதைக்கு அது தேவையில்லை. சாதனத்தில் இடம் நிறைய வேண்டும், பழைய கேம்களில் ஒன்றிரண்டை அழிக்க வேண்டிவரும். நிறுவுவதற்கு வெகுநேரம் பிடிக்கிறது. அந்த வேலையை இரவில் தொடங்கிவிட்டுப் படுத்துவிடுங்கள், மே மாதத்தில் மட்டும் வேண்டாம்.